கிட் யார் கையில்?

ரோபாட்டிக்ஸ் பயிலரங்கு என்றதும் தோழர்களிலேயே சிலர் சிரிக்கிறார்கள். "கக்கூஸுக்குத் தண்ணி வராத பள்ளிக்கூடத்துல ரோபோவா?" என்று எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். தண்ணீரையும் கேட்போம், ரோபோவையும் கேட்போம். ஒன்று வந்த பிறகுதான் மற்றொன்று என்று நமக்கு வரிசை போட்டுக் கொடுத்தவர்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படி எந்த வரிசையும் போடவில்லை.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் சில ஆண்டுகளாக இதை நடத்துகிறோம். சில பள்ளிகளில் சனிக்கிழமை, சில காலனிகளில் இரவுப் பாடசாலையில். ஆர்டுயினோ போர்டு, பிரெட்போர்டு, எல்.இ.டி., மோட்டார், நாலைந்து சென்சார், ஒரு டப்பா நிறைய ஜம்பர் வயர், அவ்வளவுதான் எங்கள் சொத்து. ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா என்ற ஊரில் மாணவர்களுக்காகவே உருவானது. அதன் வடிவமைப்பை யாரும் எடுத்துச் செய்யலாம் என்று திறந்துவிட்டதால், நகல் போர்டுகள் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆகவே காசு இங்கே முதல் தடை இல்லை.

நிதி ஆயோக் 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்களுக்குப் பணம் தருகிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. விண்ணப்பிக்கப் போனால் சமவெளியில் 1500 சதுர அடி இடம், கணினி, இணையம், நிலையான மின்சாரம் என்று கேட்டார்கள். ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் தலைமையாசிரியர் அந்தப் படிவத்தில் எத்தனையாவது வரியில் பேனாவைக் கீழே வைப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகம் வந்துவிட்ட இடத்திலும் கிட் பீரோவுக்குள் இருக்கும், சாவி வேறொருவரிடம் இருக்கும். "பசங்க உடைச்சிடுவாங்க" என்பார்கள். உடைக்காமல் யார் கற்றுக்கொண்டார்கள்? எங்கள் கையில் புகைந்துபோன போர்டுகளே ஒரு பை இருக்கும்.

பீரோ திறந்த பிறகு நடப்பதுதான் எங்களுக்கு முக்கியம். ஒரு கிட்டைச் சுற்றி ஐந்து பேரை உட்கார வைத்துப் பாருங்கள். ட்யூஷன் போகிற பையன் ஸ்க்ரூடிரைவரை எடுப்பான். காலனிப் பையன் வயரைப் பிடித்துக்கொண்டிருப்பான். பெண் பிள்ளை நோட்டில் படம் வரைவாள். முடிந்ததும் கீழே கிடக்கும் வயர்த் துண்டுகளைப் பெருக்க எழுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. யாரும் யாருக்கும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். எம்.ஏ. சமூகவியலில் இதற்குக் கனமான பெயர்களெல்லாம் படித்தோம். அந்த மேசைக்கு முன்னால் நின்றால் பெயர் எதுவும் தேவைப்படுவதில்லை. அதனால் எங்களிடம் ஒரே சட்டம்: ஒரு கிட்டுக்கு இரண்டு பேர், கால் மணிக்கு ஒருமுறை ஸ்க்ரூடிரைவர் கை மாறும், குப்பையை எல்லோரும் அள்ள வேண்டும். பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். பெரியவர்கள்தான் "எதுக்கு இவ்வளவு கறார்?" என்கிறார்கள்.

ஒருமுறை ஒரு நிறுவனத்திலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான். ஊருக்குள் இருக்கும் பள்ளியின் பிள்ளைகளுக்கு டிரோன், வாகன நிறுத்தம் என்று தலைப்புக் கொடுத்தவர், எங்கள் பிள்ளைகளிடம் "உங்க ஏரியா பிரச்சினையையே எடுத்துக்கோங்க, சாக்கடை அள்ளுற ரோபோ செய்யலாம்" என்றார். அந்தக் குழுவில் மூன்று பேரின் அப்பாக்கள் நகராட்சி ஒப்பந்தத்தில் தூய்மைப் பணியாளர்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் எழுந்தாள். "அந்த மெஷின்தான் ஏற்கெனவே இருக்கே சார். நகராட்சி வாங்கட்டும். நான் எதுக்குச் செய்யணும்?"

அவள் சொன்னதில் பிழையே இல்லை. கேரளத்து இளைஞர்கள் செய்த பாண்டிகூட் 2018இல் திருவனந்தபுரத்தில் மலக்குழிக்குள் இறங்கியது, பிறகு கும்பகோணத்துக்கும் வந்தது. கழிவுநீர்த் தொட்டிக்காக சென்னை ஐ.ஐ.டி. ஹோமோசெப் என்ற இயந்திரத்தை உருவாக்கியது. சட்டமும் இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அம்பேத்கரின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்றே நடைமுறைக்கு வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இயந்திரம் இல்லாததால் யாரும் சாகவில்லை. ஆளை இறக்குவது மலிவு என்று கணக்குப் போடும் ஒப்பந்ததாரரும், அதைக் கண்டுகொள்ளாத அதிகாரியும் இருப்பதால் சாகிறார்கள். அதைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் பிராஜெக்ட் ஆக்குவது அரசின் வேலையை அவள் தலையில் கட்டுவதாகும். விரும்பி ஒரு பிள்ளை அதைச் செய்தால் கூட நிற்போம். தலைப்பாக ஒதுக்கினால் ஏற்க மாட்டோம்.

அந்தப் பெண்ணுக்குச் செய்ய வேறொன்று இருந்தது. அவர்கள் தெரு பைப் லைனின் கடைசி. தண்ணீர் இரவு ஒரு மணிக்கும் வரும், நாலு மணிக்கும் வரும். அம்மா தூங்காமல் குடத்தோடு உட்கார்ந்திருப்பார். குழாய் வாயில் இரண்டு வயர் முனைகள், பி.சி.547 டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், பஸ்ஸர், ஒன்பது வோல்ட் பேட்டரி. தண்ணீர் இரண்டு முனைகளையும் தொட்டால் பஸ்ஸர் கத்த வேண்டும். முதலில் டிரான்சிஸ்டரின் கால்கள் மாறியிருந்ததால் சத்தமே இல்லை. திருப்பிப் போட்டதும் கொசு முனகுவது போல ஒரு முனகல். இரண்டாவது டிரான்சிஸ்டரைச் சேர்த்தாள், அடுத்த வீடு வரை கேட்டது. பிறகு தண்ணீர் நின்றும் சொட்டு ஈரத்தில் அது கத்திக்கொண்டே இருக்க, வயர் முனைகளைத் தள்ளித் தள்ளி வைத்துச் சரிசெய்ய இரண்டு ராத்திரி ஆனது. அம்மா இப்போது படுத்துத் தூங்குகிறாராம்.

அதே தெருவில் இன்னும் ஆறு வீடுகள் கேட்டிருக்கின்றன. வரும் சனிக்கிழமை இரவுப் பாடசாலையில் அவள்தான் சொல்லித் தரப்போகிறாள். சால்டரிங் அயர்ன் வைத்திருக்கும் தோழர்கள் எடுத்து வாருங்கள், எங்களிடம் இரண்டுதான் இருக்கின்றன.