வெற்றுத் தாள்

சென்ற மாதம் கனடாவிலிருந்து எமக்கு ஒரு தடித்த உறை வந்தது. எட்டு வயதுப் பேர்த்தி அனுப்பியது. உள்ளே ஆறு தாள்கள். "எங்கள் குடும்பம் புது நாட்டுக்கு வந்த கதை" என்பது பொருள். ஒவ்வொரு தாளின் கீழும் நான்கு வரிக்கு இடம் விட்டிருந்தாள். "அம்மப்பா, பாட்டு எழுதித் தாருங்கள்" என்று ஒரு சிறு கடிதமும் இருந்தது.

சண்டிலிப்பாயில் எமது வீட்டு விறாந்தையில் அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தோம். ஒரு பனைமரத்தின் உச்சியில் வெண்பனி படிந்திருந்தது, கண்டு நகைத்தோம். மற்றொன்றில் படகு. விமானத்திற் சென்ற குடும்பத்துக்குப் படகு ஏது என்று மகளிடம் தொலைபேசியில் வினவினோம். 1986 ஆகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழரை அங்குள்ள மீனவர் காப்பாற்றினர் அல்லவா? அக்கதையைக் கேட்ட பிள்ளை, "அவர்களும் எங்கள் ஆட்கள்தானே" என்று வரைந்துவிட்டாளாம்.

ஐந்து சித்திரங்களுக்குப் பாட்டு எளிதில் வந்தது. ஆறாவது தாளில் சித்திரம் இல்லை. "ஏன் புறப்பட்டோம்?" என்ற தலைப்பு மட்டுமே இருந்தது.

"பிள்ளையைப் பயப்படுத்திப்போடாதேங்கோ, அப்பா" என்றாள் மகள்.

எம் பாட்டன்மார் றெயில்வே உத்தியோகம் தேடி மலாயாவுக்குக் கப்பலேறினர். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிக் கல்வீடு கட்டினர். அப்பயணத்தைப் பாட்டாக்குதல் எளிது. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னும் போர்க்காலத்திலும் புறப்பட்டோரின் பயணம் அத்தகையதன்று. உள்ளதை எழுதினால் பிஞ்சு மனம் கலங்கும். மறைத்தாலோ பாட்டுப் பொய்யாகும். இரண்டு நாள் எழுதுகோலைத் தொடவில்லை.

அப்பொழுது அயலூராகிய நவாலியில் வாழ்ந்து 1953 இல் மறைந்த சோமசுந்தரப் புலவரின் நினைவு வந்தது. ஆடிப்பிறப்பைச் சிறுவர்க்குப் பாடிய அவர், மகிழ்ச்சி எத்தகையது என்று விளக்க முற்படவில்லை. கூழும் கொழுக்கட்டையும் ஆக்குவதைப் பாடினார். பொருளைக் காட்டினால் போதும். உணர்ச்சியைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவை எண்ணினோம். போர் நெருங்கி வர, வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். நாவற்குழிப் பாலத்தை நெருங்க, அடியடியாகவே நகர முடிந்தது. மழையோ ஓயவில்லை. ஏழு வயதான மகள் தாகமென்று அழுதாள். நாம் குடையைத் தலைகீழாகப் பிடித்தோம். அதிற் சேர்ந்த நீரை அவள் உள்ளங்கையால் அள்ளிக் குடித்தாள். அதையே எழுதினோம்:

குடையைத் தலைகீழ் பிடித்தோமே,
கொட்டும் மழையைக் குடித்தோமே;
நடையாய் நடந்த இரவினிலே
நம்மோடு ஊரும் நடந்ததுவே.

தொலைபேசியில் மகளுக்குப் படித்துக் காட்டினோம். சிறிது நேரம் அவள் பேசவில்லை. பின்பு, "அந்தக் குடை கறுப்பு, அப்பா. பிள்ளையிட்டைச் சொல்லுறன்" என்றாள். அவ்விரவைப் பற்றி அவள் தன் பிள்ளையிடம் வாய் திறந்தது அன்றுதான்.

சில வாரங்களில் ஆறாவது சித்திரமும் வந்தது. கறுப்புக் குடை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அருகில் ஒரு சிறுமி சிரித்துக்கொண்டு நின்றாள். "அந்த இரவில் அம்மா ஏன் சிரிக்கிறாள்?" என்று பேர்த்தியைக் கேட்டோம்.

"தண்ணி கிடைச்சிட்டுதே, அம்மப்பா!" என்றாள்.

கடல் கடந்த பேரப்பிள்ளைகளை உடைய பெரியோரே, அவர்கள் நீட்டும் தாளை வெறுமையாய்த் திருப்பி அனுப்பாதீர்கள். பட்ட துன்பம் முழுவதையும் எழுத வேண்டியதில்லை. ஒரு குடையளவு எழுதினாற் போதும். மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோரிடம் நீங்களும் ஒரு தாளை நீட்டிப் பாருங்கள்.