தீர்த்தன் ஆற்றில் இறகு ஈ

தில்லிவாழ் நம்மவர் பலர் தசரா விடுமுறையில் குலுவுக்குச் செல்கின்றனர். ஔட் சுரங்கப் பாதைக்குச் சற்று முன்னே பிரியும் சாலையில் லார்ஜி, பஞ்சார் வழியாகத் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குச் செல்வோர் சிலரே. சென்ற விடுமுறையில் நாங்கள் அவ்வழியே சென்று குஷைனியில் தங்கினோம்.

பளிங்கு போன்ற இவ்வாற்றில் வாழும் பழுப்பு டிரவுட் மீன், நம்மைப் போலவே வெளியிலிருந்து வந்து குடியேறியது. 1900ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீரத்துக்கும், அங்கிருந்து 1909இல் குலுவுக்கும் அதன் முட்டைகளைக் கொணர்ந்தனர். அதைப் பிடிக்கும் கலையும் உடன் வந்தது. வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் ஆறுகளில் வளர்ந்த இறகு ஈக்களை பிரிட் என்பவர் 1885இல் வண்ணப் படங்களுடன் நூலாக்கினார்.

எங்கள் வழிகாட்டியான உள்ளூர்ப் பெரியவர் அத்தகைய ஈ ஒன்றைக் கட்டிக் காட்டினார். மெழுகு பூசிய பட்டு நூலில் வளர்ப்பு முயலின் உரோமத்தைச் சிறிதே திரித்து, தூண்டில் முள்ளின் தண்டில் சுற்றினார், உடல் ஆயிற்று. முற்காலத்தில் கவுதாரி இறகைக் கட்டுவர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுப் பறவைகளைக் காப்பதால், பெட்டைக் கோழியின் மெல்லிய கழுத்திறகை முன்புறம் இரண்டே சுற்றுச் சுற்றி முடிந்தார்.

"இன்னும் கொஞ்சம் உரோமம் வைத்தால் அழகாயிருக்குமே!" என்றான் எங்களுடன் வந்த சிறுவன்.

"அழகு நமக்கு, அசைவு மீனுக்கு," என்று இந்தியில் விடையிறுத்தார் பெரியவர்.

அதன் பொருள் ஆற்றில் விளங்கிற்று. சேவலின் விறைத்த இறகு ஈயை மிதக்கச் செய்யும். பெட்டையின் இறகோ நீரில் நனைந்து, அடியிலிருந்து மேலெழும் பூச்சியின் கால்களைப் போலத் துடிக்கும். ஆற்றுக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி எறிந்து, நீரோட்டமே ஈயை வளைத்துக் கொணரும்படி விட்டார். கயிறு நேராகி ஈ மேலெழும் கணத்தில் மீன் கவ்விற்று. ஈரக் கையால் முள்ளை விடுவித்து, அதனை ஆற்றிலேயே விட்டுவிட்டார்.

கல்லடியில் பூச்சியில்லையேல் மீனுமில்லை. ஓடும் தூய நீரில்லையேல் பூச்சியுமில்லை. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கு மக்கள் நீர்மின் திட்டங்களை எதிர்த்து நின்றதன் பயனாக, தீர்த்தன் இன்றும் தடையின்றி ஓடுகிறது.

தூண்டிலிட விரும்பும் அன்பர்கள் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டைப் பெறுதல் வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன்கள் முட்டையிடும் காலமாதலால் அனுமதி கிடையாது. குடும்பத்துடன் சென்று வாருங்கள். ஆற்றை ஆறாகவே விட்டு வாருங்கள்.