இருட்டுத் தண்ணீர்

2015 டிசம்பரில் சிட்லபாக்கம் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்த ராத்திரி, கரண்ட் இல்லாமல் அம்மாவும் நானும் முழங்கால் ஆழத்தில் நின்றோம். அதிலிருந்து மழை வந்தாலே எனக்குத் தூக்கம் போச்சு.

பெங்களூர் நண்பன் மிதவைத் தொட்டிக்குக் கூப்பிட்டான். இருட்டில் தண்ணீரா? நல்ல யோசனை!

2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பதற்ற நோயுள்ள 50 பேர் ஒரு மணி நேரம் மிதந்ததும் பதற்றம் குறைந்திருக்கிறது. ஒரே தடவை மிதந்த கணக்கு அது. அடுத்த மழைக்கு அதில் பதில் இல்லை.

தொட்டியில் ஓரடித் தண்ணீர்தான். நூற்றுக்கணக்கான கிலோ எப்சம் உப்பு கரைத்திருப்பதால் உடம்பு தக்கையாக மிதக்கிறது. ஷேவ் செய்த இடத்தில் காந்தல். காதுக்குள் என் இதயம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, மூடியைத் திறந்துவிட்டேன். மீதி நேரம் அந்த வெளிச்சத்திலேயே மிதந்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “தண்ணி எவ்வளவுடா இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.