பங்காளியின் வருகை

குறிகாட்டுவானிற் படகேறி நெடுந்தீவை அடைந்த மாணவன் ஒருவன், முருகைக்கற்றூண்கள் நிரையாக நிற்கும் பழைய குதிரை இலாயத்தின்முன் நின்றான். ஒல்லாந்தர் இங்கு குதிரை வளர்த்தனர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் படையதிகாரி அப்பண்ணையை நடத்தினார். பண்ணை மறைந்தது. எஞ்சியவற்றின் வழிவந்தனவே இன்று தரவையில் மேயும் மட்டக்குதிரைகள். கோடையில் நீர்நிலைகள் வற்ற, தாகத்தால் அவை மடிவதும் உண்டு.

“இவை ஆருடைய குதிரையள், ஐயா?” என்று அருகே நின்ற முதியவரை வினவினான்.

“எல்லாருக்கும் பொதுத்தான் தம்பி, உமக்கும் பங்கிருக்கு. கோடையிலை தண்ணி வார்க்கத்தான் ஆள் குறைவு.”

2015இல் நெடுந்தீவு தேசியப் பூங்கா பிரகடனமாயிற்று. குதிரைகளைக் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பிரகடனம் தொட்டியை நிரப்பாது என்பதை முதியவர் அறிந்திருந்தார்.

நிழற்படமெடுக்க வந்த பங்காளி, படகுக்குத் திரும்புமுன் வழியிலிருந்த தொட்டியை எட்டிப் பார்த்தான். அடியில் பாசி காய்ந்திருந்தது. கிணற்றடியில் வாளி கிடந்தது.