ஒரு நூல் பிசகு

சின்னச் சுத்தியலால் விசிறியின் விளிம்பை ஒரு தட்டு தட்டினார் பெரியவர். ணங்கென்று எழுந்த சத்தம் கொட்டகைத் தகரம் வரை போய் நின்று கரைந்தது. இரண்டாவது பிளேடும் அப்படியே. மூன்றாவதைத் தட்டியபோது சத்தம் எழுந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

"இதுல வெல்டு ஓடியிருக்கு" என்றார். படகின் உரிமையாளர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ஆற்றைப் பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் கல்லில் உரசி முனை போனதும், வேறொரு ஊர்ப் பட்டறையில் அவசரமாக ஒட்டிக்கொண்டு வந்ததும் அதற்குப் பிறகுதான் மெதுவாக வெளியே வந்தது.

நாகப்பட்டினத்தில் கடுவையாற்றின் அந்தப் பக்கம் அக்கரைப்பேட்டை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கிழக்குக் கரையின் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் மே மாதத்தில் இங்கே போனால், கடலில் இருக்கும்போது நம் கண்ணில் படாததெல்லாம் வெளியே தெரியும்: ஏராக்கட்டை, சுக்கான், சாப்ட், அதன் நுனியில் இந்த மூன்று பிளேடு விசிறி. ஆணி அடிக்கும் சத்தம், கிரைண்டர் சத்தம், பெயின்ட் வாசனை, நடுவில் டீக்காரர். நான் போனது ஒரே ஒரு கேள்வியோடு. பழைய படகு ஒன்றுக்கு விசிறியின் பிட்ச் எவ்வளவு வைப்பது என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

பிட்ச் என்பது விளங்காத விஷயம் அல்ல. மரத்தில் திருகாணியை ஒரு சுற்று சுற்றினால் ஒரு புரி அளவு உள்ளே இறங்கும். விசிறியும் அப்படி ஒரு திருகாணிதான். தண்ணீர் மரமாக இருந்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறுமோ அதுதான் பிட்ச். தண்ணீர் மரம் இல்லையே, வழுக்கும். அந்த வழுக்கலில்தான் தொழிலே இருக்கிறது. லண்டனில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1837இல் இரண்டு சுற்று நீளமுள்ள மரத் திருகைப் படகில் மாட்டிக் கால்வாயில் ஓட்டியபோது, அது எதிலோ இடித்துப் பாதி முறிந்துபோனது. படகு முன்பைவிட வேகமாக ஓடியது. இந்தத் துறையில் கணக்குக்கு முன்னால் முறிவு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

பெரியவருக்கு எழுபதைத் தொடும் வயது. இளமையில் நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்த்தவர். மணல் அச்சும் உருக்கிய பித்தளையும் அங்கே பழகியதுதான். "விளக்குக்கு அழகு வேணும், இதுக்கு அளவு வேணும். மத்தபடி மணல் ஒண்ணுதான்" என்றார். இப்போது வார்ப்பதில்லை, வார்த்து வந்ததைத் திருத்துவது, வளைப்பது, எடை சமன் செய்வது மட்டும்.

படகு, சுனாமிக்கு மறுவருஷம் கட்டியது. மரம். மொத்த நீளம் 52 அடி, தண்ணீரில் அமிழும் நீளம் 45. எஞ்சின் இரண்டாவது முறை மாறிவிட்டது. இப்போது இருப்பது நூறு குதிரைத்திறனுக்குச் சற்று மேற்பட்ட லேலண்ட். 1800 சுற்றில் முழுச் சக்தி தர வேண்டும், மூன்றுக்கு ஒன்று கியர். விசிறி மட்டும் முதல் எஞ்சினோடு வந்தது. அதன் நடுவிலுள்ள குடத்தில் 36, 24 என்று வெட்டியிருந்தது. விட்டம் 36 அங்குலம், பிட்ச் 24.

நான் நோட்டை எடுத்து, படித்து வைத்திருந்த கணக்கைப் போட ஆரம்பித்தேன். பெரியவர் தடுக்கவில்லை. போட்டு முடித்த பிறகு, "அந்த 24 யாரு சொன்னது?" என்று கேட்டார். குடத்தைக் காட்டினேன். "அது பொறந்த தேதி தம்பி. இன்னிக்கு வயசு என்னன்னு பாக்கணும்ல?"

அளக்கும் கருவி அவரே செய்தது. தரையில் சமமாகப் பதித்த இரும்புத் தட்டு, அதில் பாகைக் கோடுகள். நடுவில் நிற்கும் கம்பி விசிறியின் குடத்துக்குள் நுழையும். கம்பியிலிருந்து ஒரு கை நீண்டு வட்டமாகச் சுற்றும். கையின் ஓர் இடத்தில் துளை, துளைக்குள் மேலும் கீழும் நகரும் அளவுக்கோல். மையத்திலிருந்து பன்னிரண்டரை அங்குலத்தில் கோலை நிறுத்தினார். விசிறியின் வேலையில் பெரும்பங்கு அந்தச் சுற்றில்தான் நடக்கிறது. பிளேடின் மேல் சாக்பீஸால் ஒரு புள்ளி. கையை 30 பாகை சுற்றி இன்னொரு புள்ளி. இரண்டு இடத்திலும் கோல் எவ்வளவு இறங்குகிறது, வித்தியாசம் என்ன? 30 பாகை என்பது முழுச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் பிட்ச்.

முதல் பிளேடு சரியாக இரண்டு அங்குலம். 24. இரண்டாவது, இரண்டு அங்குலமும் அரை நூலும். அங்குலத்துக்கு எட்டு நூல். அரை நூல் கூடினால் பன்னிரண்டு மடங்காகி முக்கால் அங்குலம். அது 24¾. வெல்டு போட்ட மூன்றாவது, ஒரு அங்குலம் ஆறரை நூல்தான். 21¾. ஒரே குடத்தில் மூன்று விதமான விசிறிகள்.

"ஒரு நூல் பிசகினா ஒன்றரை இஞ்சு பிட்ச் போயிரும்" என்று உரிமையாளரிடம் சொன்னார் பெரியவர். "கிளாண்ட்ல தண்ணி ஒழுகுதுன்னு வருஷா வருஷம் பேக்கிங் மாத்துனீங்களே, அது இதனாலகூட இருக்கும். ஒரு பிளேடு ஒரு மாதிரி தள்ளினா சாப்ட் ஆடத்தானே செய்யும்?"

மூன்றையும் ஒன்றாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எதற்கு ஒன்றாக்குவது என்பதில்தான் தகராறு. டிரைவருக்கு 26 வேண்டும். பக்கத்துப் படகில் 26 போட்டிருக்கிறார்கள், பறக்கிறது என்றார். ஏலத்துக்கு முந்தி வரும் படகுக்குத்தானே விலை? உரிமையாளருக்கு டீசல் குறைய வேண்டும், அவ்வளவுதான். எண் எதுவானாலும் சரி.

பெரியவர் டிரைவரிடம் கேட்ட முதல் கேள்விக்கும் விசிறிக்கும் சம்பந்தமில்லை. "மீட்டர் சரியாக் காட்டுதா?" சுற்று காட்டும் மீட்டரே பொய் சொன்னால் மற்ற கணக்கெல்லாம் வீண். போன வருஷம் மாற்றியது என்றார் டிரைவர். பிறகு வரிசையாக வந்தன கேள்விகள்: ஏர் ஃபில்டர் எப்போது மாற்றினது, டீசல் ஃபில்டர், நாசில், அடியில் சிப்பியும் பாசியும் எவ்வளவு ஒட்டியிருந்தது. கரும்புகை வந்தால் உடனே பிட்சைக் குறை சொல்வது சுலபம். மூச்சு முட்டும் எஞ்சினும் அதே புகையைத்தான் விடும்.

"வெறும் ஓட்டத்துல எத்தனை ஏறுது?"

"ஆயிரத்து அறுநூறுண்ணே. அதுக்கு மேல அமுக்கினா புகைதான் வருது."

"மடி இழுக்கையில?"

"ஆயிரத்து நானூறு இருக்கும்."

நோட்டில் இதைப் போட்டுப் பார்த்தேன். 1600 என்றால் சாப்ட் நிமிஷத்துக்கு 533 சுற்று. சுற்றுக்கு இரண்டு அடி. வழுக்கல் இல்லாவிட்டால் பத்தரை நாட். படகு உண்மையில் ஓடியது ஏழரை. பத்தில் மூன்று பங்கு வழுக்கல். இந்த மாதிரிப் படகுக்கு அது வழக்கமானதுதான். மடிவலை இழுக்கும்போது? 1400 சுற்றுக்கு 9 நாட்டுக்கு மேல் போயிருக்க வேண்டும். போனது இரண்டரை. பத்தில் ஏழு பங்குக்கு மேல் வழுக்கல். பின்னால் வலையும் பலகையும் கடலடியில் இழுபட, விசிறி நின்ற இடத்தில் நின்று தண்ணீரைப் பின்னால் அள்ளி வீசுகிறது. பிட்ச் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பெரிய அள்ளு. எஞ்சினால் அதைச் சுற்ற முடியவில்லை; எரியாத டீசல் புகையாகப் போகிறது, வால்வு கருகுகிறது.

1800 ஏற வேண்டிய எஞ்சின் 1600இல் நின்றுவிடுகிறது என்றால் விசிறி அதற்குப் பாரம். கட்டின புதிதில் இப்படி இருந்திருக்காது. பழைய படகுகளின் சங்கதி இதுதான். இருபது வருஷத்தில் மரம் தண்ணீர் குடித்திருக்கிறது. மேலே ஃபைபர் போர்த்தியாயிற்று. ஐஸ் பெட்டியைப் பெரிதாக்கினார்கள், டீசல் டாங்கி ஒன்று கூடியது, வின்ச் மாறியது. ஒவ்வொன்றும் தேவைப்பட்டுச் செய்ததுதான். ஆனால் அமரத்துக்கடியில் இருக்கும் விசிறிக்கு யாரும் சொல்லவில்லை.

"இருபத்திரண்டு" என்றார் பெரியவர்.

டிரைவருக்கு முகம் விழுந்துவிட்டது. "வேகம் போயிருமேண்ணே!"

இங்கேதான் எனக்கும் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. பிட்ச் குறைந்தால் ஒரு சுற்றுக்கு முன்னேறுவது குறையும், சரி. ஆனால் பாரம் குறைந்த எஞ்சின் சும்மா இருக்குமா? அதிகம் சுற்றும். பெரியவர் தட்டின் மேலேயே சாக்பீஸால் எழுதினார். 24ஐ 1600ஆல் பெருக்கினால் 38,400. 22ஐ 1750ஆல் பெருக்கினால் 38,500. "எங்க போச்சு உன் வேகம்?" என்றார். 26 போட்டால் மீட்டர் 1500ஐத் தாண்டாது. முழுச் சக்தியை எஞ்சின் கடைசி வரை காட்டவே காட்டாது.

பக்கத்துப் படகு பறக்கிறதே என்ற கேள்விக்குப் பதில் படகின் நீளத்தில் இருக்கிறது. இப்படித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுகளுக்குத் தாமே எழுப்பும் அலைதான் வேலி. தண்ணீரில் அமிழும் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வேலி எங்கே என்று தோராயமாகத் தெரியும். 45 அடிக்கு 9 நாட். அதை நெருங்க நெருங்க டீசல் கொட்டும், படகு நகராது. அந்தப் பக்கத்துப் படகு இதைவிடப் பதினைந்து அடி நீளம், எஞ்சினும் பெரிசு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் 1986இலேயே சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி ஒரு கையேடு போட்டது. வேகத்தைக் கொஞ்சம் குறை, பெரிய விசிறியை மெதுவாகச் சுற்று என்பது அதன் சாரம். பெரியவர் அதைப் படித்ததில்லை. ஏலத்துக்கு முந்துகிறவனிடம் எந்தக் கையேடு எடுபடும் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் 20 ஏன் கூடாது என்று கேட்டேன். மடி இழுக்க அது இன்னும் நல்லதாயிற்றே? இழுக்க நல்லதுதான், ஆனால் வெறும் ஓட்டத்தில் எஞ்சின் 1800ஐத் தாண்டி அலறும், டிரைவர் கை சும்மா இருக்காது என்றார். தவிர, பழைய உலோகத்தை இதற்கு மேல் முறுக்க அவருக்கு மனசில்லை. பிளேடின் அடியில் ஓரிடத்தில் சுரண்டிக் காட்டினார். மஞ்சளுக்குப் பதில் செம்பு நிறத்தில் ஒரு திட்டு. உப்புத் தண்ணீர் துத்தநாகத்தைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது செம்புச் சல்லடைதான். அது பரவியிருந்தால் விசிறியையே எடைக்குப் போட வேண்டியதுதான், நல்லவேளை, நகத்தளவுதான்.

மறுநாள் முறுக்கினார்கள். கரி அடுப்பில் பிளேடின் அடிப்பாகம் மங்கிய சிவப்புக்கு வந்ததும், இரண்டு பையன்கள் நீள நெம்புகோலைக் கவ்வவிட்டுத் தொங்கினார்கள். பெரியவர் மரச் சுத்தியலோடு நின்று, "போதும்... இன்னும் ஒரு மயிரு... நிறுத்து" என்றார். ஆறவிட்டு அளந்தார். மறுபடி சூடு, மறுபடி அளவு. வெல்டு போட்டதை மட்டும் அவர் தொடவிடவில்லை. ஏற்கெனவே 22க்குக் கால் அங்குலம் மட்டும் குறைவாக அது இருந்தது, இலேசாகத் தட்டியே கொண்டுவந்துவிட்டார். பிறகு குடத்தில் கம்பி நுழைத்து இரண்டு கத்தி விளிம்பின் மேல் உருளவிட்டபோது, கனத்த பிளேடு ஒவ்வொரு தடவையும் கீழே வந்து நின்றது. கிரைண்டரால் அதன் முதுகில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். கடைசியில் எந்தப் பக்கம் விட்டாலும் விட்ட இடத்தில் நின்றது. அதைப் பார்க்கவே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போகும்போது டிரைவரிடம் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: "விசிறிய மாட்டி ஒரு தடவை ஓட்டிப் பாரு. அதுக்கு முன்னால எஞ்சின்ல கைய வைக்காத. ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது செஞ்சுச்சுன்னு தெரியாது."

ஜூன் கடைசியில் உரிமையாளர் போன் செய்தார். வெறும் ஓட்டத்தில் 1730 ஏறுகிறதாம். புகை இல்லையாம். டிரைவரிடம் கொடுத்தார். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். தடை முடிவதற்கு முந்தின வாரம் நாசில் எல்லாவற்றையும் மாற்றியதாகவும், அதனால்தான் எஞ்சின் இப்படி இழுக்கிறது என்றும் சொன்னார்.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "மடி இழுக்கையில எத்தனை காட்டுதாம்?" என்று மட்டும் கேட்டார்.

அதை யாரும் பார்க்கவில்லையாம்.