17 மணி நேர இருட்டு

மிதிவண்டிப் பந்தயம் நடத்துவதற்கு ஆண்டிலேயே மிக மோசமான நாள் எது என்று யோசித்துத் தேடிப் பிடித்ததுபோல், ஸ்காட்லாந்தின் வட மலைநாட்டில் ஜனவரி நடுவில் ஒரு பந்தயம் வைக்கிறார்கள். பெயர் ஸ்ட்ராத்பஃபர். பக்கத்து ஊரின் பெயர் ஸ்ட்ராத்பெஃபர். விக்டோரியா மகாராணி காலத்தில் கந்தக ஊற்றுநீர் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள ஆட்கள் ரயிலேறி வந்த ஊர். அந்தப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, மூச்சு வாங்குவதற்கான ஆங்கிலச் சொல்லை உள்ளே நுழைத்துவிட்டார்கள். இப்போது அங்கே வருகிறவர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வருகிறார்கள்.

விதி எளிமையானது. சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தொடக்கம், ஞாயிறு காலை 10 மணிக்கு முடிவு. கான்டின் என்ற சிற்றூரை ஒட்டிய காட்டுக்குள் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் சுற்றுப்பாதை. தனியாகவோ, இருவராகவோ, நால்வராகவோ எத்தனை சுற்று முடிகிறதோ அத்தனை சுற்று போகலாம். இப்படி 24 மணி நேரம் மலைச்சைக்கிள் ஓட்டும் வழக்கம் 1992இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் லேர்ட் நைட் என்பவர் நடத்திய கேனன் பந்தயத்திலிருந்து பரவியது. அவர் கோடையில் நடத்தினார். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைக் குளிர்காலத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரத்தில் அங்கே மாலை நாலேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். மறுநாள் காலை எட்டே முக்கால் வரை எட்டிப் பார்க்காது. மரங்கள் அடர்ந்த பகுதியில் கணக்குப் போட்டால் 17 மணி நேரம் இருட்டு.

நான் இரவு நேர நிகழ்ச்சி செய்கிற வானொலி அறிவிப்பாளர். பத்து மணிக்கு மேல் நேயர்களோடு பேசுவது என் தொழில் என்பதால், இருட்டு எனக்குப் பழக்கம்தான் என்ற நினைப்பு இருந்தது. சைக்கிளும் பழக்கம்தான். வார இறுதியில் புக்கிட் கியாராவின் வேர்களிலும் சேற்றிலும் ஏழு வருடமாக உருண்டிருக்கிறேன். ஆனால் உறைபனி என்றால் எனக்கு ஐஸ் கச்சாங்தான்.

என்னை அழைத்தவன் என் தம்பி. இன்வர்னஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் டாக்டர். அவனோடு இருவர் பிரிவில் ஓட்ட இருந்த நண்பருக்கு நவம்பரில் தோள்பட்டை பிசகிவிட்டது. "அக்கா, ஜனவரில லீவு கெடைக்குமா? கொஞ்சம் குளிரும்" என்று குரல்பதிவு ஒன்று வந்தது. அவ்வளவுதான் செய்தி. மூன்று ஆண்டுகளாக எங்களுக்குள் போய்க்கொண்டிருந்த செய்திகள் எல்லாமே அந்த நீளம்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் அப்பா தவறினார், வீட்டில், மாரடைப்பு. நாட்டின் எல்லைகள் மூடிக் கிடந்த காலம். தம்பியால் வர முடியவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய உறவினர்களோடு சடங்கு நடந்தது. நான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து அவனுக்குக் காணொளியில் காட்டினேன். அதற்கு அடுத்த ஒன்பது நாள் அவனிடமிருந்து ஓர் அழைப்பும் இல்லை. எல்லை திறந்த பிறகு ஒருமுறை வந்தான். ஒரு வாரம் இருந்தான். வீடு நிறைய ஆட்கள், சாப்பாடு, சிரிப்பு. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தால் கட்டுப்பாட்டு அறையில் ஆள் எழுந்து நின்றுவிடுவார். குடும்பத்தில் மூன்று வருடம் விழுந்தாலும் எல்லாரும் உட்கார்ந்தேதான் இருக்கிறார்கள்.

போய் இறங்கினேன். அவன் எனக்காக இரவல் சைக்கிள் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தான். டயர்களில் நூற்றுக்கணக்கான சிறு ஆணிகள் பதித்திருந்தன. பனிக்கட்டியைக் கவ்விப் பிடிப்பது அந்த ஆணிகள்தான். அவை இல்லாமல் போனவர்கள் விழும் சத்தத்தை அன்று இரவு முழுக்கக் கேட்டேன். விளக்கு இரண்டு: ஒன்று ஹெல்மெட்டில், ஒன்று கைப்பிடியில். ஒன்று போதாதா என்று கேட்டேன். ஹெல்மெட் விளக்கு நாம் திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும், வளைவுக்குள் எட்டிப் பார்க்கும். ஆனால் அது கண்ணுக்கு நேர் மேலே இருப்பதால் நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் பள்ளமும் மேடும் ஒரே தட்டையாகத் தெரியும். தாழ்வாக இருக்கும் கைப்பிடி விளக்குதான் கல்லுக்குப் பின்னால் நிழலைக் கிடத்தி, "இது கல்" என்று சொல்கிறது. இத்தனை வருடம் சைக்கிள் ஓட்டியும் இதை எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னான். குளிரில் அவற்றின் சக்தி சீக்கிரம் இறங்கிவிடும். தண்ணீர்க் குப்பியும் அப்படித்தான், வெளியே மாட்டினால் வாய் உறைந்துபோகும்.

தொடக்கமே வேடிக்கை. ஓட்டுநர்கள் முதலில் கால்நடையாக ஓடிப்போய்த் தங்கள் சைக்கிளைப் பிடிக்க வேண்டும். தம்பி ஓடினான். ஒரு மணி ஐந்து நிமிடத்தில் முதல் சுற்றை முடித்து வந்து, நேரம் பதியும் சில்லை என்னிடம் கொடுத்தான். "மூணாவது ஏத்தம் முடிஞ்சதும் பாறை வரும். எடது பக்கமா போ. வலது பக்கம் கண்ணாடி மாதிரி ஐஸ்." நான் கிளம்பினேன்.

பகல் சுற்றுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏற்றம், பாறை, வேர், இறக்கம், தூரத்தில் வெள்ளை மலைகள், அழகு. மைனஸ் மூன்றில் வேர்த்துக் கொட்டும் என்பதுதான் புதுப்பாடம். ஏற்றத்தில் சுரக்கும் வியர்வை இறக்கத்தில் குளிராக மாறி முதுகில் அறையும். அதனால் ஏறும்போது சட்டையைத் திற, உச்சியில் மூடு என்று ஒரு பிழைப்பு.

என் மூன்றாவது சுற்று வெளிச்சத்தில் தொடங்கி இருட்டில் முடிந்தது. பாதியில் விளக்கைப் போட்டேன். உலகம் ஒரு தாம்பாளத் தட்டு அளவுக்குச் சுருங்கியது. அதற்கு வெளியே எதுவும் இல்லை: மலை இல்லை, முன்னால் எவ்வளவு ஏற்றம் பாக்கி என்ற கவலையும் இல்லை. பகலில் இறங்கித் தள்ளிய ஒரு பாறைத் தொடரை இரவில் ஓட்டியே கடந்தேன். அது முழுதாகத் தெரியாததால்தான் என்று நினைக்கிறேன். மூடுபனி இறங்கியபோது மட்டும் ஹெல்மெட் விளக்கு பாலில் அடித்ததுபோல் திரும்பி முகத்திலேயே அடித்தது. அதைக் குறைத்துவிட்டுக் கீழ்விளக்கை நம்பிப் போக வேண்டும்.

இருவர் அணியில் ஒரு விநோதம் உண்டு. 24 மணி நேரமும் ஒரே பந்தயத்தில் இருக்கிறீர்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பார்ப்பது கைமாற்றும் அந்த ஒரு நிமிடம்தான். ஒருவர் உள்ளே வரும்போது மற்றவர் வெளியே போகிறார். ஐந்து மணிக் கைமாற்றில் பனிமூட்டத்தைப் பற்றிப் பேசினோம். இரவு எட்டு மணி வாக்கில் நான் சில்லைக் கொடுத்தபோது அவன் கையுறையை மாட்டிக்கொண்டே, "அம்மா இன்னும் அப்பா நாற்காலிய அங்கேயே போட்டு வச்சிருக்காங்களா?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

எங்கள் கூடாரத்தைக் கவனித்துக்கொண்டது தம்பியின் நண்பர், அந்தத் தோள்பட்டைக்காரர். மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் ஃபிளாஸ்க்கில் வைத்திருந்த கஞ்சியையும் நெத்திலிச் சம்பலையும் மணிக்கொரு முறை அவரே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை நினைத்தபடி ஒன்றே கால் மணி நேரம் அடுப்பருகே இருந்தேன்.

ஒன்பது மணிக்குத் தம்பி வந்ததும் சொன்னேன்: "நாற்காலிய மாமா வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. அந்த எடத்துல இப்ப தையல் மிஷின்." தலையசைத்தான். நான் போனேன்.

இப்படியே நடந்தது. ஒருவர் கேட்பது, மற்றவர் அதைச் சுமந்துகொண்டு 11 கிலோமீட்டர் போவது, வந்து பதில் சொல்வது. எடுத்தெறிந்து பேச வழியே இல்லை. ஒரு மலை ஏறி இறங்கிய பிறகுதான் வாயைத் திறக்க முடியும். நேரலையில் இந்த வசதி எனக்குக் கிடைத்ததே இல்லை.

பத்தரைக்குச் சற்று முன் நான் கேட்டேன்: "அன்னைக்கு நீ எங்க இருந்த?" எந்த அன்னைக்கு என்று அவன் கேட்கவில்லை. அதிலிருந்து ஆளுக்கு இரண்டு சுற்றாகச் சேர்த்து ஓட்டுவது என்று திட்டம். அப்போதுதான் மற்றவர் கொஞ்சம் தூங்க முடியும். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு மணிக்கு வந்தான். தாடியில் உறைபனி. சைக்கிள் கம்பியில், பற்சக்கரத்தில் எல்லாம் சேறு உறைந்து கல்லாகியிருந்தது. "ஆஸ்பத்திரி கார் பார்க்ல. காடிக்குள்ள. எட்டு மணிக்கு எனக்கு வேல." இங்கே பிற்பகல் மூன்று என்றால் அங்கே ஆகஸ்டில் காலை எட்டு. "நீ போன அப்பா மொகத்துகிட்ட கொண்டு போனீல்ல, அப்ப வார்டுலேர்ந்து கூப்பிட்டாங்க. எடுத்துப் பேசினேன். திரும்பிப் பாக்குறப்போ மூடிட்டாங்க." சில்லை என் கையில் வைத்தான். "போக்கா, நேரமாவுது."

ஒன்று முதல் நான்கு வரை இரண்டு சுற்று. வெப்பநிலை மைனஸ் ஆறு. மனித உடம்பின் சூடு ஒரு நாளில் மிகவும் தாழ்ந்துபோகும் நேரம் விடியலுக்கு முந்திய அந்த மணிகள்தான். இரவுப் பணி செய்கிற தாதியரும் லாரி ஓட்டுநரும் இதை அறிவார்கள். சாப்பிட்டது இறங்கவில்லை. சத்துக் கூழ் பொட்டலம் பசைபோல் கெட்டியாகி, பல்லால் இழுத்தாலும் வரவில்லை. சின்ன விரல்கள் முதலில் வலித்தன, பிறகு வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயம். உச்சியில் நின்று கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டேன். இரத்தம் திரும்பி வரும்போது வலித்த வலியில் சத்தம் போட்டு அழுதேன். அது விரலுக்கான அழுகைதானா என்று யாரும் கேட்க அங்கே ஆள் இல்லை.

ஒரு வளைவில் தன்னார்வலர் இருவர் கம்பளிக்குள் குறுகி நின்றிருந்தார்கள். நான் வரும்போதெல்லாம் என் அணி எண்ணைச் சொல்லிக் கூவினார்கள். இரண்டாம் சுற்றில் அவர்கள் இருக்கும் இடம் வருவதற்கு முன்பே அந்தக் குரலுக்காகக் காது ஏங்கியது. பின்னிரவில் அழைத்து, பாட்டுக்கூட வேண்டாம், சும்மா பேசுங்கள் என்று சொல்லும் நேயர்கள் எனக்கு உண்டு. அவர்களை நினைத்துக்கொண்டேன்.

மீதி நேரமெல்லாம் ஒரே வேலைதான் செய்தேன். அப்பாவின் முகத்தை வரி வரியாக ஞாபகப்படுத்தினேன். விளையாட்டரங்கில் நடப்பதை வீட்டிலிருக்கும் நேயருக்குச் சொல்லிக் காட்டுவது எங்களுக்குக் கொடுக்கும் முதல் பயிற்சி. பார்க்காதவருக்குப் பார்த்தவர் சொல்ல வேண்டும், அழகுபடுத்தக் கூடாது, வரிசையாகச் சொல்ல வேண்டும்.

நான்கு மணிக்குத் தம்பி கோட்டருகே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். சில்லை அவன் கையில் கொடுக்காமல் என் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சொன்னேன். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, சித்தப்பா இட்டது, கொஞ்சம் கோணல். காலையில்தான் அப்பா சவரம் செய்திருந்தார். இடது தாடையில் ஒரு சின்ன வெட்டு, அதன்மேல் காய்ந்த பஞ்சு, அதை யாரும் எடுக்கவில்லை. வலது இமை முழுதாக மூடவில்லை. உன் பட்டமளிப்புக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டை. மூக்குக்கண்ணாடியை அம்மா மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்கள், அங்கே போய்ப் பேப்பர் படிக்க வேண்டுமே என்று. வாய் மூடியிருந்தது, நியூஸ் கேக்கும்போது வச்சுக்குவாரே, அப்படி.

எங்களைத் தாண்டி ஏழெட்டு அணிகள் கைமாற்றிப் போய்விட்டன. தோள்பட்டைக்காரர் கூடாரத்திலிருந்து பார்த்துவிட்டு, வராமல் அங்கேயே நின்றார்.

"பஞ்சு எந்தப் பக்கம்னு சொன்ன?" என்றான் தம்பி.

"எடது."

சில்லை வாங்கிக்கொண்டு போனான். அவன் விளக்கு முதல் ஏற்றத்தில் ஏறுவது மரங்களுக்கிடையே வெகுநேரம் தெரிந்தது. அந்த இரண்டு சுற்றுக்கு அவன் எடுத்துக்கொண்ட நேரம்தான் அன்றைய இரவில் எங்களுக்கு மிக மெதுவான நேரம்.

என் கடைசிச் சுற்று ஏழு மணிக்குத் தொடங்கியது. கருநீலம் முதலில் வந்தது. பிறகு மரங்களுக்கு விளிம்பு வந்தது. எட்டேகாலுக்கு விளக்கை அணைத்தேன். தட்டளவு உலகம் போய், இன்னும் ஏற வேண்டிய மலை முழுதும் கண்ணுக்குத் தெரிந்தது. அது ஒன்றும் நல்ல செய்தி இல்லை. பிரேக் கட்டைகள் பாறைத்தூளில் தேய்ந்து, இரும்பு இரும்போடு உரசும் சத்தம் கேட்டது. இறங்கித் தள்ளினேன்.

பத்து மணிக்குச் சற்று முன் தம்பி உள்ளே வந்ததோடு எங்கள் கணக்கு முடிந்தது: மொத்தம் 18 சுற்று. அவன் 10, நான் 8. பட்டியலில் எங்கள் இடத்தைத் தேட விரலைக் கீழே வெகுதூரம் இறக்க வேண்டியிருந்தது.

இங்கே மாலை ஆறு மணி ஆகப்போகிறது; அம்மா அழைத்தார்கள். வழக்கமான முதல் கேள்வி, சாப்பிட்டாச்சா. நான் பதில் சொல்வதற்குள் தம்பி கையை நீட்டிப் போனை வாங்கினான். "அம்மா, அன்னைக்கு அப்பாவோட கண்ணாடிய..." என்று தொடங்கியது மட்டும் காதில் விழுந்தது. அவன் காருக்குப் பின்னால் நடந்து போய்விட்டான். தோள்பட்டைக்காரர் சம்பல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்ததைக் கொடுத்துவிட்டு, இரண்டு சைக்கிளையும் கழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே நீண்ட வரிசை. அவன் பேசி முடித்து வரும்வரை நின்றிருந்தேன்.