சிரிக்க வைப்பவனிடம் அழுகையை ஒப்படைக்கலாமா?

விடுதி வாழ்க்கையில் ஓயாத போர்கள் சில உண்டு. மார்கழிக் குளிரில் வெந்நீருக்காகக் குளியலறை வாயிலில் நடப்பது ஒன்று. உணவுக்கூடத்தில் கடைசி அப்பளத்துக்காக நடப்பது மற்றொன்று. இவ்விரண்டும் கால் மணி நேரத்தில் முடிந்து சமாதானம் ஏற்பட்டுவிடும். நாம் உயிராகப் போற்றும் கதையைத் திரைக்குக் கொண்டுவரும் தகுதி யாருக்கு உண்டு என்று தொடங்கும் போர் இருக்கிறதே, அது நள்ளிரவு தாண்டியும் முடிவதில்லை. அப்படி ஒரு போரைப் பற்றியும், அதில் நான் ஏன் ஒரு பக்கம் சேர்ந்து வாளெடுத்தேன் என்பதைப் பற்றியும் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2023 சனவரி. நான் இவ்வளாகத்துக்கு வந்த முதல் குளிர்காலம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்னும் வீடியோ விளையாட்டை எச்.பி.ஓ. நிறுவனம் தொடராக ஒளிபரப்பத் தொடங்கவிருந்த நேரம். விளையாட்டில் நாட்டமில்லாதவர்களுக்கு ஒரு சொல்: ‘நாட்டி டாக்’ என்ற நிறுவனம் உருவாக்கி, 2013-இல் வெளிவந்தது அது. காளான் நோய் ஒன்று பரவி உலகமே பாழாகிறது. நோய் பரவிய முதல் இரவிலேயே ஜோயல் என்பவன் தன் மகளைப் பறிகொடுக்கிறான். இருபது ஆண்டுகள் கழித்து, எல்லி என்ற பதினான்கு வயதுப் பெண்ணைப் பாழடைந்த அமெரிக்காவின் ஊடே அழைத்துச் செல்லும் பொறுப்பு அவன்மேல் விழுகிறது. கதை இவ்வளவுதான். ஆனால் ஆடுபவன் கையில்தான் ஜோயலின் கால்கள் இருக்கின்றன. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நாம்தான். ஆகவே அவள் இறக்கும்போது இழப்பும் நம்முடையதாகிவிடுகிறது.

இந்தக் கதையைத் தொடராக எழுதும் பொறுப்பு, விளையாட்டின் ஆசிரியர் நீல் டிரக்மனுடன் கிரெய்க் மேசினுக்கும் சென்றிருந்தது. மேசின் யார்? ‘ஸ்கேரி மூவி’ வரிசையில் மூன்றாம், நான்காம் படங்களின் எழுத்தாளர்களுள் ஒருவர். குடித்துவிட்டு நினைவிழந்தவர்களின் கூத்தான ‘ஹேங்கோவர்’ படத்தின் இரண்டாம், மூன்றாம் பாகங்களிலும் அவர் பங்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டு வெளிவந்த அதே 2013-இல்தான் ‘ஹேங்கோவர்’ மூன்றாம் பாகமும் வந்தது.

எங்கள் அறை வரிசையில் மதுரை நண்பர் ஒருவர் உண்டு. “கல்யாண வீட்டில் மிமிக்ரி செய்கிறவனைக் கூப்பிட்டு ஒப்பாரி வைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?” என்று அவர் கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

சிரிக்காததன் காரணம் எனக்குத் தெரியும். 2021-இல், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், அவர் தம் தமக்கையை இழந்தவர். வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் கிடந்த அந்த மாதங்களில், இரவெல்லாம் அந்த விளையாட்டில்தான் நடந்துகொண்டிருந்தாராம். “அது எனக்கு விளையாட்டு இல்லை, துக்க வீடு. அதில் கோமாளி நுழையக் கூடாது” என்றார். இரசிகர்களின் சண்டையைப் பிள்ளை விளையாட்டு என்று எள்ளி நகையாடுகிற பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கதைக்காக ஒருவன் குரலை உயர்த்தும்போது, அதற்குள் அவன் யாரைப் புதைத்து வைத்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது.

நண்பரின் அச்சம் வெறும் பிடிவாதம் அன்று. நகைச்சுவை எழுதுகிறவனுக்கு அமைதி என்றால் பயம். அரங்கம் இரண்டு நிமிடம் மௌனமாக இருந்தால், தன் தொழில் தோற்றுவிட்டதாக அவன் நினைப்பான். கண்ணீர் திரளும் நேரத்தில் ஒரு வேடிக்கைச் சொல்லைப் போட்டுக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு உண்டு. இந்தப் பழக்கத்தால் பாழான காட்சிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே ஐயம் எழுவது இயல்பே.

ஆனால் அந்த ஐயத்தை ஒரு பக்கத்தார்மேல் மட்டும் சுமத்துவது முறையாகுமா? 1997-இல் வந்த ‘பேட்மேன் அண்ட் ராபின்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இல்லாத அசட்டு வேடிக்கை இல்லை. இரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதை எழுதியவர் விதூஷகரா? இல்லை, அகிவா கோல்ட்ஸ்மன். மனநோயோடு போராடிய கணித மேதை ஜான் நாஷின் வாழ்வைச் சொல்லும் ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்தை எழுதிப் பின்னர் ஆஸ்கார் விருது பெற்றவர் அவர். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கடைசிப் பருவம் 2019-இல் வந்தபோது, தகுந்த எழுத்தாளர்களைக் கொண்டு அதை மீண்டும் எடுக்க வேண்டும் என்ற வேண்டுகோளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அதை எழுதியவர்களும் கோமாளிகள் அல்லர். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டும் ஒரு கதையைக் கெடுக்க முடியும்.

இன்னும் தெளிவான சான்று வேண்டுமானால் ஷெர்லாக் ஹோம்ஸ் இருக்கிறார். 2010-இல் பி.பி.சி.யில் வந்த ‘ஷெர்லாக்’ தொடரைப் படைத்தவர்கள் ஸ்டீவன் மொஃபட், மார்க் கேட்டிஸ் என்னும் இருவர். முன்னவர் ‘கப்ளிங்’ என்ற நகைச்சுவைத் தொடரை எழுதியவர். பின்னவர் ‘தி லீக் ஆஃப் ஜென்டில்மென்’ என்ற நகைச்சுவைக் குழுவில் ஒருவர். துப்பறிவாளரைக் கைப்பேசியோடு இன்றைய இலண்டன் தெருவில் நடக்க விட்டார்கள், உலகம் ஏற்றுக்கொண்டது. 2018-இல் அதே ஹோம்ஸை வைத்து ‘ஹோம்ஸ் அண்ட் வாட்சன்’ என்று ஒரு கேலிப்படம் வந்தது. அவ்வாண்டின் மிக மோசமான படம் என்னும் ‘ராஸி’ப் பட்டம் அதற்குக் கிடைத்தது. இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் சிரிக்க வைப்பவர்களே. மூலமும் ஒன்றே. ஒன்று வாழ்ந்தது, மற்றொன்று வீழ்ந்தது. அப்படியானால் வேறுபாடு எங்கே?

இதற்கு விடை தேடி நான் நெடுந்தூரம் போகவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. முதலில் நிற்பது நகை. அதை அடுத்து நிற்பது அழுகை. அந்த நகைக்கும் ஆசிரியர் நான்கு நிலைக்களன் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நால்வகையில் ஒன்றுதான் எள்ளல், அதாவது பிறரை இகழ்ந்து சிரிப்பது. மற்ற மூன்றும் குழந்தைத்தனத்தையும், அறியாமையையும், கள்ளமில்லா மனத்தையும் கண்டு பிறக்கும் சிரிப்பு. நாமோ சிரிப்பு என்றாலே எள்ளல் என்று எண்ணிவிடுகிறோம். ‘ஹோம்ஸ் அண்ட் வாட்சன்’ செய்தது எள்ளல். கதைக்கு வெளியே நின்று கதையைப் பார்த்துச் சிரித்தது. ‘ஷெர்லாக்’ கதைக்கு உள்ளே நின்று, மேதை ஒருவன் சாதாரண மனிதர்களிடையே படும் பாட்டைக் கண்டு சிரித்தது. முதல்வகைச் சிரிப்பிலிருந்து அழுகைக்கு வழி இல்லை. இரண்டாம் வகைக்கு அழுகை அடுத்த வீடு.

மேசின் எந்த வகை? 2019-இல் வந்த அவருடைய ‘செர்னோபில்’ தொடரிலேயே விடை இருந்தது. அணு உலைக்கு அடியில் சுரங்கம் தோண்ட ஆள் கேட்டு, நிலக்கரி அமைச்சர் வெளுத்த உடையோடு வந்து நிற்கிறார். போகச் சம்மதித்த தொழிலாளிகள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து செல்கையில், கரிபடிந்த கையால் அவர் உடம்பில் தட்டிவிட்டுப் போகிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள், இவர்கள் போவது எந்த இடத்துக்கு என்பது நெஞ்சில் உறைக்கிறது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால், அவர்கள் நமக்கு வெறும் எண்ணிக்கையாகவே இருந்திருப்பார்கள்.

இதை நான் எடுத்துச் சொன்னேன். மதுரை நண்பர் கேட்கவில்லை. “அங்கே வரலாறு துணை நின்றது. இங்கே மூல ஆசிரியரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நல்லது நடந்தால் அவரால் நடக்கும்” என்றார். கூர்மையான வாதந்தான். பொறுத்திருந்து பார்ப்போம் என்று கலைந்தோம்.

மூன்றாம் பகுதி வந்தது. அதை எழுதியவர் மேசின் மட்டுமே. விளையாட்டில் பில் என்றொரு முரடன் உண்டு. ஊரெல்லாம் பொறி வைத்துவிட்டுத் தனியே வாழ்பவன். அவனோடு வாழ்ந்த ஃபிராங்க் அவனை வெறுத்துப் பிரிந்து, தூக்கிட்டு மாண்டு கிடப்பதை நாம் காண்கிறோம். மேசின் இதைத் தலைகீழாக மாற்றினார். தொடரில் ஃபிராங்க் பில்லின் பொறிக்குழியில் வந்து விழுகிறான். ஒரு வேளைச் சோறு கேட்கிறான். பிறகு போகவே இல்லை. இருவரும் முதுமை வரை ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாகவே விடைபெறுகிறார்கள். பில்லாக நடித்தவர் நிக் ஆஃபர்மன். ‘பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்’ என்ற தொடரில் நாட்டைச் சிரிக்க வைத்தவர். ஃபிராங்க் இரகசியமாகப் பயிரிட்ட ஸ்ட்ராபெர்ரிப் பழத்தை வாயில் போட்டதும், அந்தத் தாடிக்கார முரடன் சிறு பிள்ளையைப் போலக் கிளுகிளுவென்று சிரித்துவிடுகிறான். தொல்காப்பியர் கண்டால் ‘இளமை’ என்ற தலைப்பில் எழுதிக்கொள்வார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான், அவனுடைய கடைசி நாள் நமக்குத் தாங்க முடியாததாகிறது. அந்த நடிப்புக்காக ஆஃபர்மன் எம்மி விருதும் பெற்றார்.

பொதுக்கூடத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. மதுரை நண்பர் நெடுநேரம் கழித்து, “என் பில் இவன் இல்லை. ஆனால் இவனும் துக்க வீட்டுக்கு வரத் தெரிந்தவன்தான்” என்று மட்டும் சொன்னார். முழு வெற்றி என்று நான் கொண்டாடவில்லை. மூலத்தை மாற்றியது சரியா என்று அவரும் நானும் இன்றும் வாதாடுகிறோம்.

நம்மவர்க்கு இது புதிய செய்தியும் அன்று. ‘பொன்னியின் செல்வன்’ 2022-இலும் 2023-இலும் இரு படங்களாக வந்தபோது, வந்தியத்தேவன் இப்படியா நடப்பான், ஆழ்வார்க்கடியான் இப்படியா பேசுவான் என்று நாம் இதே உணவுக்கூடத்தில் மேசையைத் தட்டினோம். அந்தக் கதையை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய கல்கி, அதற்கு முன்பு ‘ஆனந்த விகடன்’ ஏட்டில் நகைச்சுவைக் கட்டுரைகளால் பெயர் பெற்றவர் என்பதை அன்று யாரும் நினைக்கவில்லை. சோழப் பேரரசை நமக்குக் கட்டித் தந்தவரே ஒரு சிரிப்பு எழுத்தாளர்!

இவ்வளவு மும்முரமாக நான் வாதாடுவதற்கு என் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. சங்க விழாக்களில் வேடிக்கை நாடகம் எழுதுவது என் வேலை. சென்ற குளிர்காலத்தில் எங்கள் விடுதியின் முதிய சமையற்காரர் காலமானார். இரங்கற் கூட்டத்தில் யார் யார் பேசுவது என்று பட்டியல் போட்டபோது ஒருவர் என் பெயரைச் சொன்னார். “வேண்டாம், அவர் எழுந்து நின்றாலே சிரிப்பு வந்துவிடும்” என்றார் மற்றொருவர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் அவருடைய கடமை உணர்ச்சியைப் புகழ்ந்ததைக் கேட்டேன்.

என்னைப் பேச விட்டிருந்தால் அவருடைய இரசத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன். அவர் மலைநாட்டுக்காரர், தமிழகத்தைப் பார்த்ததில்லை. தமிழனுக்கு எந்த நோய் வந்தாலும் இரசம் கொடுத்தால் தீரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஒரு டம்ளர் வந்துவிடும். அதில் புளி கிடையாது, பெருங்காயம் கிடையாது, பருப்புத் தண்ணீரில் மிளகு மிதக்கும். காய்ச்சல் அதைக் கண்டு அஞ்சியே ஓடியது என்பது எங்கள் துணிபு. என் பாட்டி இறந்த செய்தி வந்து, ஊருக்குப் போக முடியாமல் நான் அறையில் கிடந்த இரவில், கதவைத் தட்டி அந்த டம்ளரை நீட்டினார். எனக்குக் காய்ச்சல் இல்லை. அவருக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான்.

இதைக் கேட்டிருந்தால் கூட்டம் சிரித்திருக்கும். அதனால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஆகவே நண்பர்களே, உங்கள் உள்ளம் கவர்ந்த கதை ஒன்று ஒரு நகைச்சுவை எழுத்தாளரிடம் போயிற்று என்று நாளை செய்தி வந்தால், சண்டை போடுங்கள்; வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் இதற்கு முன் எத்தனை பேரைச் சிரிக்க வைத்தார் என்று கணக்குப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். எதைப் பார்த்துச் சிரித்தார் என்றும் பாருங்கள்.